மறுகா பாப்பம்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
21.01.2024

அன்புத் தம்பி அன்ரோவுக்கு,

அக்கா டினுஷா எழுதுவது. வீட்டில் எல்லாருக்கும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கப்போவதில்லை. பாட்டுக்காரன் இசைக்குழுவை நடுத்தெருவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறினால் அவனுக்குத் தடிமன் பிடிக்கத்தான் வேண்டும். அம்மா கேட்கச் சொன்னதால் கேட்கிறேன்: குளிருக்கு ஸ்வெற்றர் போடுகிறாயா?

கத்தோலிக்கக் குருவாகப் போகிறவர்களுக்கு நவதுறவகத்தில் முதல் ஒரு வருடம் ரெலிபோன் கிடையாது, கடிதம் மட்டும்தான், அதையும் அதிபர் சுவாமி பிரித்துப் பார்த்த பிறகுதான் தருவார் என்று சொல்லிவிட்டுப் போனாய். நல்லது. சுவாமி, வணக்கம். நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். என் தம்பியை நான் உங்களிடம் தரவில்லை, அவன்தான் வந்தான். அதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

தம்பி, புதுப் பாட்டு ஒன்று போட்டிருக்கிறேன். பெயர் 'மறுகா'. சுவாமி யாழ்ப்பாணத்து ஆள் என்று சொன்னாய், ஆகவே அவருக்கு ஒரு விளக்கம். சுவாமி, உங்கள் ஊரில் 'பேந்து' என்பீர்கள், சினிமாவில் 'அப்புறம்' என்பார்கள், எங்கள் ஊரில் அது 'மறுகா'. யாராவது கதை சொல்லும்போது கேட்கிற ஆள் 'மறுகா?' என்றால், நிறுத்தாமல் சொல்லு என்று அர்த்தம். ஆனால் ஒன்றைக் கேட்டுப் போகிற ஆளுக்கு 'மறுகா பாப்பம்' என்று பதில் வந்தால், இல்லை என்று அர்த்தம். முகத்துக்கு நேரே இல்லை என்று எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள். அவ்வளவு நல்ல மனிதர்கள்.

பொம்பிளைப் பிள்ளை மின்சாரக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போய் எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான். கச்சேரிக்கு மண்டபம் கேட்டேன், 'மறுகா பாப்பம் மகள்'. சவுண்ட் செற் வாடகைக்குக் கேட்டேன், 'மறுகா பாப்பம் தங்கச்சி'. கடற்கரை ஹோட்டலில் வாசிக்கக் கேட்டேன், அங்கேயும் அதே. இத்தனை வருடத்து மறுகாக்களை எல்லாம் பொறுக்கி ஒரு பாட்டில் அடுக்கிவிட்டேன்.

மண்டபம் கேட்டன் — மறுகா
மைக்கக் கேட்டன் — மறுகா
வாயத் திறந்தன் — மறுகா
வாழ்ந்து பாக்கட்டா — மறுகா

கடைசி வரி இன்னும் வரவில்லை. பாட்டு அந்தரத்தில் நிற்கிறது.

நீ பதுளை பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கும்போது, "அப்ப பாட்டு என்னடா?" என்று கேட்டேன். "மறுகா பாடுறன் அக்கா" என்றாய். அதை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உன் மைக் ஸ்ராண்டைக் கழற்றவில்லை. இந்தப் பாட்டு உனக்குத்தான்.

உன்மேல் கோபமாக இருக்கிற,
அக்கா டினுஷா


நவதுறவகம்,
ஹப்புத்தளை.
11.02.2024

அன்பின் அக்காவுக்கு,

இறைவன் அருளால் சுகமாக இருக்கிறேன். அப்பா, அம்மா, நீங்கள், இசைக்குழுவில் றிப்ஷான், கிளைவ் எல்லாருக்காகவும் காலைப் பூசையில் மன்றாடுகிறேன். ஸ்வெற்றர் போடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே எழும்புவது, செபம், படிப்பு, தோட்ட வேலை எல்லாம் மணி அடித்து நடக்கும். எனக்குக் கரட் பாத்தி தந்திருக்கிறார்கள். வாரம் ஒருவர் பிரசங்கப் பயிற்சி செய்ய வேண்டும். நான் எழுதியதில் 'மறுகா இயேசு சீடரைக் கூப்பிட்டார்' என்று இருந்தது. யாழ்ப்பாணத்துச் சகோதரர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதிபர் சுவாமி அந்தச் சொல்லுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டு 'பிறகு' என்று திருத்தித் தந்தார். எல்லா ஊர் ஆட்களுக்கும் விளங்குகிற நல்ல தமிழில் பேசப் பழக வேண்டுமாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பாட்டின் வரிகள் நன்றாக இருக்கின்றன. அப்பாவுக்கு மூச்சுமுட்டு எப்படி?

உங்கள் அன்புத் தம்பி,
அன்ரோ


புளியந்தீவு
10.03.2024

தம்பிக்கு,

அப்பாவுக்கு முட்டு பரவாயில்லை. இன்ஹேலரை இழுத்துவிட்டுக் கொட்டிலில் வள்ள என்ஜின்களோடு மல்லுக்கட்டுகிறார். எனக்குத்தான் உன் கடிதத்தை வாசித்துவிட்டு மூச்சு முட்டியது.

நல்ல தமிழா? சுவாமி, நான் உங்களிடம் கேட்கிறேன். என் அம்மா என்னைத் தாலாட்டிய தமிழ் கெட்ட தமிழா? அவன் 'மறுகா' என்று சொன்னதால் இயேசு சீடரைக் கூப்பிடாமல் விட்டாரா? நீ 'அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது' என்று எழுதியதுதான் எனக்கு இன்னும் பற்றுகிறது. சின்னக் கரட் பாத்தியைத் தந்து உன்னையும் அதற்குள் நட்டுவிட்டார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'மறுகா'வைப் போனில் பதிந்து கொழும்பில் ஒரு இசைக் கம்பனிக்கு அனுப்பினோம். றிப்ஷான் காத்தான்குடியில் துணிக்கடை அடைத்துவிட்டு வந்து பேஸ் வாசித்தான். கிளைவ் தன் தச்சுப் பட்டறையிலேயே டிரம்ஸை வைத்து அடித்தான், மரத்தூள் இன்னும் என் கிற்றாருக்குள் இருக்கிறது. பாடத்தான் ஆள் இல்லை. மெட்டு விளங்குவதற்காக நானே பாடிவைத்தேன். கேட்காதே, காதை மூடிக்கொள். நீ வந்து பாடும்வரைக்கும் அது வெறும் இடம்பிடிப்பு.

எனக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியும். கோயில் பாடகர் குழுவில் பத்து வயதில் சேர்ந்தேன். றோஸ்மேரி ரீச்சர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, "மகள், உன்ட குரல் கரகரக்குது. மத்தப் புள்ளயள்ற பாட்டும் கெட்டுப்போகும். நீ இந்தக் கிற்றாரைப் பிடி" என்றார். பிடித்தேன். வாயை மூடுவதற்காகத் தந்த சாமானை இன்னும் கீழே வைக்கவில்லை. கல்யாண வீட்டில் வாசித்தேன், பெருநாளில் வாசித்தேன், கட்டாரில் இருந்து வந்த ஒருவர் விற்ற மின்சாரக் கிற்றாரை வாங்கி, நம்முடைய 'உவர்' இசைக்குழுவைத் தொடங்கினேன். பாட்டு எல்லாம் நான் எழுதினேன். பாட மட்டும் உன்னை வைத்தேன். இத்தனை வருடமும் அது சரியாகத்தானே போனது?

அம்மா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். லண்டன் மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு நான் கிற்றார் வாசிக்கலாமா என்று கேட்டேன். அவருடைய தாய் சிரித்துக்கொண்டே, "அதென்ன, மறுகா பாப்பம்" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

கோபம் கொஞ்சம் குறைந்த,
அக்கா


நவதுறவகம்
14.04.2024

அன்பின் அக்காவுக்கு,

தவக்காலத்தில் கடிதம் எழுத அனுமதி இல்லை, அதனால் தாமதம். எல்லாருக்கும் உயிர்த்த ஞாயிறு வாழ்த்தும் புத்தாண்டு வாழ்த்தும். இங்கே மழை. கரட் நன்றாக வந்திருக்கிறது.

உயிர்ப்புக்கு முந்தின பாஸ்கா இரவில் புகழ்ப் பாடலை என்னைப் பாடச் சொன்னார்கள். வேறொரு சகோதரர் ஆசைப்பட்டார், அவருக்கு விட்டுக்கொடுத்தேன். நன்றாகப் பாடினார்.

கொழும்புக் கம்பனிக்கு அனுப்பிய பதிவில் நீங்கள் பாடியது எப்படி இருந்தது என்று அவர்கள் சொன்னார்களா? றிப்ஷான் என்ன சொன்னான்?

அம்மாவின் காலில் விழுந்து கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி அன்ரோ


புளியந்தீவு
26.05.2024

தம்பி அன்ரோ,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காதே, இருந்து வாசி. இங்கே எல்லாரும் சுகம், கிளைவுக்கு மட்டும் விரலில் உளி பட்டுவிட்டது.

கம்பனிக்காரர் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். குளிரூட்டிய அறை, சுவர் எல்லாம் பஞ்சு. தயாரிப்பாளர் இளம் ஆள், தமிழர்தான், ஆனால் பேச்செல்லாம் சினிமா.

"டியூன் சூப்பர்மா. மறுகான்னா என்ன?"

சொன்னேன்.

"அழகா இருக்கு. ஆனா சென்னையில யாருக்கும் புரியாது. அப்புறம்னு மாத்திடுவோம். லவ் சாங் மாதிரி ஆகிடும். 'அப்புறம், அப்புறம்'."

தம்பி, நான் சண்டைக்குப் போகவில்லை. வேலை தெரிந்த ஆளாகத்தான் பதில் சொன்னேன். "மறுகா எண்டா கடைசியில வாய் திறந்து நிக்கும். எவ்வளவு நேரமும் இழுக்கலாம், சனம் கத்தலாம். அப்புறம் எண்டா ம் எண்டு வாய் மூடிப் போயிரும். மூடின வாயோட என்னெண்டு கத்துற?" என்றேன். பாடிக் காட்டச் சொன்னார். நான் பாடவில்லை, கிற்றாரில் வாசித்துக் காட்டினேன். றிப்ஷான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

பிறகு அவர் கேட்டார், "இந்த கரகரன்னு பாடியிருக்கறது யாரு? சும்மா மெட்டு காட்ட, கைடுக்குத்தானே? நல்ல வாய்ஸ் ஒண்ணு போட்டுக்கலாம். நீங்க கிற்றாரோட முன்னால நில்லுங்க, லுக் நல்லா இருக்கு."

கன்னத்தில் அடித்ததுபோல் இருந்தது. "பாட ஆள் இரிக்கு. என்ட தம்பி பாடுவான்" என்றேன். உன்னுடைய பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. நீ பாடினால் சொல்லைப் பற்றியும் பேசலாம் என்றார். ஆகஸ்டில் றெக்கோடிங்.

ஆகவே இப்போது உன்னிடம் கேட்கிறேன். நீ வந்தால் 'மறுகா' மறுகாவாகவே இருக்கும். வராவிட்டால் அந்தச் சொல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு யாரோ ஒருத்தியின் குரலில் விற்பார்கள். நான் இருபது வருடம் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு அலைந்தது அந்தப் பாட்டுக்காகத்தான் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. வேறு ஒன்றும் நான் உன்னிடம் கேட்டதில்லை.

சுவாமி, அவனுக்குக் கொஞ்ச நாள் லீவு கொடுங்கள். பாடி முடித்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன், கரட்டுக்குத் தண்ணீரும் ஊற்றிவிட்டு வருகிறேன்.

நீ மறுகா பாடுவதாகச் சொன்னாய். அந்த மறுகா வந்துவிட்டது.

அக்கா


புளியந்தீவு
30.06.2024

அன்ரோவுக்கு,

பதில் இல்லை. தபால்காரர் சைக்கிளில் எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போகும்போது அம்மா எட்டிப் பார்க்கிறார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்.

களுதாவளையில் கோயில் திருவிழாவுக்கு வாசித்தோம். சினிமாப் பாட்டாகவே கேட்டார்கள், வாசித்தோம். கடைசியில் நம்முடைய பாட்டு ஒன்றைத் தொடங்கினேன், பாடாமல் கிற்றாரிலேயே. முன்னால் நின்ற ஒருவர், "எங்க உங்கட பாட்டுக்காரன்?" என்று கத்தினார்.

மைக்கைப் பிடித்து, "மறுகா வருவான்" என்றேன்.

முழுச் சனமும் சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் பகிடி ஒன்றும் சொல்லவில்லையே. றிப்ஷானிடம் கேட்டேன், அவன் பேஸின் வயரைச் சுற்றிக்கொண்டே, "விடுங்க டினுஷா" என்றான்.

சுகமாக இருக்கிறாயா என்றாவது ஒரு வரி எழுது.

அக்கா


நவதுறவகம்
14.07.2024

என் அன்பு அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. சுவாமி வாசிப்பார் என்பதற்காக இதுவரை மழையையும் கரட்டையும் எழுதிக்கொண்டிருந்தேன். இதை வாசிக்கட்டும், பரவாயில்லை.

சுவாமி லீவு தந்துவிட்டார். உங்கள் கடிதம் வந்த அன்றே கூப்பிட்டு, "போய்ப் பாடிப்போட்டு வாரும்" என்றார். வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

அக்கா, களுதாவளையில் சனம் ஏன் சிரித்தது என்று உங்களுக்கு உண்மையாகவே விளங்கவில்லையா? ஊர் முழுக்க எத்தனை பேர் உங்களுக்கு மறுகா சொன்னார்கள். அவ்வளவையும் ஒரு பாட்டில் அடுக்கினீர்கள். அதன் அர்த்தத்தைச் சுவாமிக்கே விளங்கப்படுத்தினீர்கள். பஸ்ஸில் கால் வைத்துக்கொண்டு நான் சொன்ன மறுகாவை மட்டும் ஏன் உண்மை என்று நம்பினீர்கள்? அதுவும் மண்டபக்காரர் சொன்ன மறுகாதான். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. இப்போது சொல்கிறேன். நான் பாட வரமாட்டேன்.

இந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் என்னை மூளைச்சலவை செய்யவில்லை. நீங்கள் ரீச்சர் தந்த கிற்றாரை எப்படி விடவில்லையோ, அப்படி நான் இதை விடமாட்டேன். நானும் உங்கள் தம்பிதானே.

இன்னொன்று. புதுப் பாட்டுப் போட்டால் முதலில் குசினியில் நின்று மெதுவாகப் பாடிப் பார்ப்பீர்கள், மீன் வெட்டிக்கொண்டு. நான் பின் கதவுக்கு அங்கால் இருந்து கேட்பேன். பிறகு மேடையில் அதைப் போலவே பாடப் பார்ப்பேன். எந்த இடத்தில் உங்கள் குரல் உடைகிறதோ அந்த இடத்தில் நானும் உடைப்பேன். சனம் கைதட்டும். அது என் குரலுக்குத் தட்டிய கை இல்லை. ஆறு வருடமாக உங்கள் பாட்டை உங்களிடம் இருந்து நான் மறைத்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. இங்கே வந்து பாடாமல் இருக்கும்போதுதான் எனக்கு நிம்மதி.

நீங்கள் பாடுங்கள். கரகரக்கட்டும். 'வாயத் திறந்தன்' என்று எழுதத் தெரிந்த ஆளுக்கு வாயைத் திறக்க என் வாய் எதற்கு?

கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். கோபித்துக்கொள்ளுங்கள்.

அன்ரோ


புளியந்தீவு
25.07.2024

கிடைத்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சுகம். மைக் ஸ்ராண்டைக் கழற்றிவிட்டேன். எழுத வேறொன்றும் இல்லை.

டினுஷா


நவதுறவகம்
15.09.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தில் 'அக்கா' என்று கையெழுத்து இல்லை. அதை மடித்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் போய்விட்டது. றெக்கோடிங் நடந்ததா? அந்தச் சொல்லை விட்டுக்கொடுத்துவிட்டீர்களா? விட்டுக்கொடுத்திருந்தால் என்னால்தான் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. செபத்தில் இருக்கும்போதும் அதுதான் ஓடுகிறது.

நவம்பரில் எனக்குப் பெரிய பிரசங்கம். வெளியாட்களும் வருவார்கள். எழுதிக் கொடுத்தேன், சுவாமி திருத்தித் தந்தார். மறுபடியும் அந்தச் சொல்லுக்குச் சிவப்புக் கோடு.

அம்மாவையாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அப்பாவின் முட்டு எப்படி என்றாவது.

உங்கள் தம்பி,
அன்ரோ


புளியந்தீவு
20.10.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஓம், அக்காதான். உன்மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதைக் குறைத்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லை.

ஆகஸ்டில் கொழும்புக்குப் போனோம். நீ வரவில்லை என்றதும் தயாரிப்பாளர் சந்தோஷப்பட்டார். கண்ணாடிக்கு அங்கால் ஒரு பிள்ளை காதில் ஹெட்போனோடு நின்றாள். தாளில் 'அப்புறம்' என்று அடித்துக் கொடுத்திருந்தார்கள். பாவம், நன்றாகத்தான் பாடினாள். தேன் மாதிரிக் குரல். 'வாழ்ந்து பாக்கட்டா' என்ற இடத்தை ஐஸ்கிறீம் கேட்பதுபோல் பாடினாள். நான் கிற்றாரின் வயரைக் கழற்றினேன்.

"என்னாச்சு மேடம்?"

"பாட்டை நான் தரல்ல."

"இந்த மாதிரி சான்ஸ் திரும்ப வராது."

"வராட்டிப் போகட்டும்" என்றேன். அவருக்கு மறுகா பாப்பம் என்று சொல்லவில்லை, கவனித்தாயா? அன்றைக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அதை உன்னிடம்தான் படித்தேன், படுபாவி.

றிப்ஷான் பேஸைப் பையில் வைத்தான். கிளைவ் மட்டும், "அப்ப சாப்பாடு தரமாட்டாங்களா?" என்று கேட்டான். திரும்பி வருகிற பஸ்ஸில், "நான்தான் பாடப்போறன்" என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். றிப்ஷான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "இத நாங்க எப்பயோ சொல்லியிருப்பம். சொன்னா நீங்க கிற்றாரால அடிப்பீங்க" என்றான்.

ஊருக்கு வந்து மண்டபம் கேட்டேன். மறுகா பாப்பமாம். வீட்டில் வந்து கத்தினேன். அப்பா இன்ஹேலரை இழுத்துவிட்டு எழுந்து போனார். கொட்டிலில் கிடந்த என்ஜின்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார், வாவிப் பக்கத்துக் கதவு இரண்டையும் அகலத் திறந்தார். "இஞ்ச அடி" என்றார். இத்தனை வருடத்தில் என் இசையைப் பற்றி அப்பா சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

போன சனிக்கிழமை பின்னேரம் அடித்தோம். கொட்டில் நிறைந்து ஒழுங்கை நிறைந்தது. தோணியிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். றிப்ஷானின் உம்மா காத்தான்குடியில் இருந்து பிள்ளைகள் எல்லாரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். முன்னால் கதிரை போட்டு யார் இருந்தது தெரியுமா? றோஸ்மேரி ரீச்சர். கைத்தடியோடு.

கடைசியாக 'மறுகா'. உன் மைக் ஸ்ராண்டைத் திரும்பவும் பூட்டினேன், என் உயரத்துக்கு. மண்டபம், மைக், வாய் எல்லாம் பாடி வந்தேன். கரகரத்தது, விட்டுவிட்டேன். 'வாழ்ந்து பாக்கட்டா' என்ற இடத்தில் குரல் உடைந்தது. தம்பி, அழகாக உடையவில்லை, நின்றேவிட்டது. மறுகா என்ற சொல் வெளியே வரவில்லை. கிளைவ் அடிப்பதை நிறுத்தினான். றிப்ஷானும் நிறுத்தினான். ஜெனரேற்றர் மட்டும் ஓடியது. ரீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது, கிற்றாரைக் கழற்றிவிட்டுப் போவோம் என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் இருந்து அம்மாவின் குரல். பிளாஸ்கில் இருந்து யாருக்கோ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். எனக்குத் தைரியம் சொல்லுகிற மாதிரியோ, பாடுகிற மாதிரியோ இல்லை. மீன்காரி வாசலில் நின்று ஊர்க்கதை சொல்லும்போது கேட்பாரே, அதே மாதிரி, சும்மா கேட்டார்.

"மறுகா?"

வேறு யாரோ கேட்டார்கள், "மறுகா?" தோணியில் இருந்தும் கேட்டார்கள். எனக்கு இத்தனை வருடம் வாசலை அடைத்த சொல்லை வைத்துக்கொண்டு, முழு ஒழுங்கையும் என்னிடம் மிச்சக் கதையைக் கேட்டது. இத்தனை மாதமாக வராத கடைசி வரி வாயில் வந்து நின்றது. அப்படியே பாடினேன்:

மறுகா வாற நாள
இண்டைக்கே எடுக்கிறன்

எத்தனை தரம் பாடினேன் என்று தெரியாது. தொண்டை கிழிந்துவிட்டது. இரண்டு நாள் பேச்சு வரவில்லை, அம்மாவுக்கு வீட்டில் நிம்மதி. ரீச்சர் போகும்போது என் கையைப் பிடித்து, "இன்னும் கரகரக்குது" என்றார். "ஓம் ரீச்சர்" என்றேன். "நல்லாக் கரகரக்குது" என்றார்.

நீ வராதது நல்லது. இதை ஒரு தரம்தான் எழுதுவேன், திரும்பக் கேட்காதே. சிவப்புக் கோடு போட்ட இடத்தில் என்ன சொல்லப்போகிறாய் என்று நீயே முடிவு செய்.

உன் அக்கா,
டினுஷா

பி.கு.: யாரோ அதைப் போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள், ஊரெல்லாம் ஓடுகிறது. நேற்று அந்தத் தயாரிப்பாளர் கூப்பிட்டார். என் குரலே வேண்டுமாம், மறுகாவே இருக்கட்டுமாம், கொழும்புக்கு வர முடியுமா என்றார். "மறுகா பாப்பம்" என்றேன். "ரொம்ப சந்தோஷம்மா, அப்ப எந்தக் கிழமை வர்றீங்க?" என்று கேட்கிறார்.


நவதுறவகம்
24.11.2024

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் எனக்குப் பிரித்த உறையோடு கிடைத்தது, வழக்கம்போல். ஆனால் இந்த முறை சுவாமி அதை நான்கு நாள் வைத்திருந்துவிட்டுத்தான் தந்தார். அப்பாவின் கொட்டிலை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன், கண்ணும் கலங்குகிறது. எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள், அப்பாவுக்கு முதலில்.

பிரசங்கம் முடிந்தது. உயிர்ப்பைப் பற்றிப் பேசினேன். "கல்லறையை மூடினாங்க. முத்திரை வைச்சாங்க. காவலும் போட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்தேன். சிவப்புக் கோடு. தாளை மடித்து வைத்துவிட்டு, "மறுகா?" என்று கேட்டேன்.

முன்வரிசையில் இருந்த யாழ்ப்பாணத்துச் சகோதரர், அன்றைக்குச் சிரித்தவர், தன்னை அறியாமல் "பேந்து?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு மிச்சத்தைச் சொன்னேன்.

சுவாமி இந்தக் கடிதத்தையும் வாசித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார். போடட்டும்.

உங்கள் தம்பி,
அன்ரோ

(கடிதத்தின் அடியில், சிவப்பு மையில், வேறு கையெழுத்தில்:)

டினுஷாவுக்கு ஆசீர். எல்லாக் கடிதங்களையும் வாசித்தேன். அந்தக் கொழும்பு ஆளுக்கு எந்தக் கிழமை என்று சொன்னீர் என்பதை நீர் எழுதவில்லை.

மறுகா?